கடைசி அத்தியாயத்தில் செத்தவள்

பாகாயம்
12 ஆகஸ்ட் 2024

திரு. ஜோவின் தேவசகாயம் அவர்களுக்கு,

கடிதம் என்றால் ‘கர்த்தருக்குள் அன்பான’ என்று தொடங்க வேண்டும் என்பது அம்மா சொல்லிக் கொடுத்தது. இந்தக் கடிதத்தில் அதை எழுத என் கை வரவில்லை. உங்கள் தங்கை ஃபீபி எழுதுகிறேன். என் போன் எண்ணை நீங்கள் ஒன்பது வருடத்துக்கு முன்பே தடுத்து வைத்துவிட்டீர்கள். உங்கள் வீட்டு முகவரி எனக்குத் தெரியாது. அதனால் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் கிறிஸ்டினா சிஸ்டர் போன வாரம் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். “உங்க மாதனூர் பக்கத்துக் கதைதான் சிஸ்டர். கடைசில அந்தப் பொண்ணு செத்துப்போறத என்னால தாங்கவே முடியல” என்றாள். அட்டையில் ‘நல்ல ஊற்று’ என்றும் அதற்குக் கீழே உங்கள் பெயரும் இருந்தன. லீவு போட்டுவிட்டுப் படித்தேன். செத்துப்போன பெண் நான்தான் என்று கிறிஸ்டினாவிடம் சொல்லவில்லை.

பெயரை மட்டும் லில்லி என்று மாற்றியிருக்கிறீர்கள். மற்ற எல்லாம் என்னுடையது. அப்போது நான் பார்த்த வேலை, ஷூ கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸ். புருவத்துக்கு மேலே தையல் தழும்பு. பாட்டுக்குழுவில் பாடுகிறவள். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது குடையை விரிக்காமல் தோளில் சாய்த்துக்கொள்கிற பழக்கத்தைக்கூட விடவில்லை. அந்த பஸ்ஸில் வரும் வடநாட்டுக்காரனோடு லில்லி பழகுகிறாள், அவனோடு ஊரை விட்டுப் போகிறாள், அவன் கைவிட்டதும் திரும்பி வருகிறாள், பாலாற்று மணல் பள்ளத்தில் விழுந்து சாகிறாள். கறுத்த தண்ணீரில் அவளுடைய வெள்ளைத் துப்பட்டா மிதக்கிறது. ஊரே மெழுகுவத்தி ஏற்றி அழுகிறது.

நான் சாகவில்லை. சுனில் என்னைக் கைவிடவும் இல்லை. எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

உங்கள் நாவலில் எல்லாமே இரண்டிரண்டாக நிற்கிறது. ஊருக்கு வெள்ளை, வந்தவர்களுக்குக் கறுப்பு. ஊருக்குக் கோயில் மணி, அவர்களுக்குக் கம்பெனி சைரன். ஊருக்கு நல்ல ஊற்று, அவர்கள் கால் பட்ட இடத்தில் உப்பு ஊற்று. ஊரில் ஆட்டுக்குட்டிக்குக்கூட ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள். வடக்கிலிருந்து வந்தவனுக்குப் பெயரே இல்லை. கடைசி வரைக்கும் அவன் ‘தொப்பிக்காரன்’.

சீயோன்பேட்டையில் பிறந்த எனக்கும் கொஞ்சம் தெரியும். கிறிஸ்துமஸுக்குக் கோயில் சுவரில் அடிக்கிற வெள்ளை, தோல் ஊறப்போடும் தொட்டிக்குச் சுண்ணாம்பு கொடுக்கும் அதே கடையிலிருந்து வருகிறது. மணி அடிக்கும் பெருமாள் மாமா காலையில் கம்பெனி சைரன் கேட்டுத்தான் எழுந்திருப்பார். அப்புறம்தான் கோயில் மணி. நம் கிணற்றுத் தண்ணீர் உப்பானது எப்படி என்று உங்களுக்கே தெரியும். டேனரிக் கழிவைக் கொல்லையில் கொட்டிக்கொள்ளச் சொன்னது நம் அப்பா. அப்போது சுனிலுக்கு நம் மாவட்டத்தின் பெயர்கூடத் தெரியாது.

தொப்பிக்காரனுக்குப் பெயர் சுனில் டோப்போ. ஜார்க்கண்டில் அவர் ஊரிலும் கோயில் இருக்கிறது. அவருடைய தாத்தாவுக்குத் தாத்தாவே ஞானஸ்நானம் வாங்கியவர். நாம் பாடுகிற அதே ராகத்தில் அவர் தம் மொழியில் ஞானப்பாட்டு பாடுவார். பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் அதைக் கேட்டு நீங்கள் மறுபடி பாடச் சொன்னீர்கள். நாவலில் அந்த நாள் இல்லை.

எதற்கு எழுதுகிறேன் என்றால், சீயோன்பேட்டை லைன் வீடுகளில் சுனிலின் தம்பியும் அவன் பெண்டாட்டி பிரமிளாவும் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பக்கத்துக் குடும்பங்கள் இன்னும் சில. உங்கள் புத்தகம் வந்ததிலிருந்து ஊர் அவர்களை வேறு மாதிரி பார்க்கிறது என்கிறாள் பிரமிளா. அக்டோபரில் கோயில் ஹாலில் உங்களுக்குப் பாராட்டு விழாவாமே. மேடையில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். ‘என் தங்கை உயிரோடு இருக்கிறாள், தொப்பிக்காரன் என் கற்பனை.’ வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

ஃபீபி சுனில்


வாலாஜாபேட்டை
21 ஆகஸ்ட் 2024

ஃபீபி,

பள்ளிக்கூடத்துக்கு எழுதாதே. உறையின் பின்பக்கம் உன் பெயரைப் பார்த்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் ஒருவர், “யார் சார் இது, உங்க சிஸ்டரா? இருக்காங்களா?” என்று கேட்டார். வீட்டு முகவரியை உறையில் எழுதியிருக்கிறேன்.

எப்போதிலிருந்து நான் உனக்கு ‘நீங்கள்’ ஆனேன்? “டேய் ஜோவின்” என்று கூப்பிட்டு அப்பாவிடம் அடி வாங்கியவள் நீ. திரு, அவர்கள் எல்லாம் போட்டால் எனக்கு வலிக்கும் என்று நினைத்திருப்பாய். சரி, வலித்தது.

லில்லி நீ இல்லை. லில்லி ஒரு குறியீடு. ஓர் ஊர் பொத்திப் பொத்தி வளர்த்த ஒன்று கையை விட்டுப் போகிறது, அதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது. கறுப்பு என்று நான் எழுதியது யாருடைய தோலையும் இல்லை. மணிக்கும் சைரனுக்கும் இடையில் ஒரு தலைமுறை கிழிந்துபோனதை எழுதினேன். பத்தாம் வகுப்புப் பையனுக்குச் சொன்னால் புரிகிற விஷயம் இது. நீயோ சுண்ணாம்பு எந்தக் கடையில் வாங்கினது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாய்.

கழிவைக் கொட்ட அப்பா இடம் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறாய். செத்துப்போன மனுஷனைப் பற்றி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? நீ போன பிறகு அந்த வீட்டில் நடந்தது உனக்குத் தெரியுமா? சபைக் கமிட்டியில் இருந்தவர், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வாலாஜாபேட்டை நிஷாவுக்கும் எனக்கும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து முடித்திருந்தார்கள். அவள் அப்பா ஒரு வெள்ளிக்கிழமை வந்து, “தங்கச்சி விவகாரம் கேள்விப்பட்டோம் தம்பி, எங்க வீட்ல இன்னும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு” என்று சொல்லிவிட்டு, காபியைக்கூடத் தொடாமல் போனார். எனக்கு இப்போது நாற்பது வயதாகப் போகிறது. இதே ஊரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன். நிஷாவைக் கடைவீதியில் அவள் பிள்ளைகளோடு பார்க்கிறேன்.

அப்பா அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்றாய். உள்ளே வருவாய் என்று பார்த்தேன். பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பினால் நீ இல்லை.

எங்களுக்கு நீ செத்து ஒன்பது வருடமாகிறது. செத்ததை எழுத எனக்கு உரிமை உண்டு. தான் எழுதியதைப் பொய் என்று எந்த எழுத்தாளனும் மேடையில் நின்று சொல்ல மாட்டான். நானும் சொல்லப்போவதில்லை.

ஜோவின்


பாகாயம்
3 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

நிஷா விஷயம் எனக்குத் தெரியாது. அம்மா சொல்லவில்லை. அதற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் அவள் அப்பா எழுந்து போனதற்குக் காரணம் அவர் புத்தி. அந்தப் பழியை என் தலையிலும் சுனில் தலையிலும் கட்டி அச்சடித்துவிட்டீர்கள்.

அப்பா அடக்கத்தன்று நான் உள்ளே வராததற்குக் காரணம் கேளுங்கள். வாசலில் உங்கள் வாலிபர் சங்கத்து நவீன்குமார் நின்றான். “ஃபீபிக்கா, நீ வா. அவரு வேணாம். பெரியவங்க சொல்ட்டாங்க” என்றான். சுனில் என்னிடம், “நீ போ, நான் ரோட்டில் நிற்கிறேன்” என்றார். அப்பா முகத்தைப் பார்க்கப் புருஷனை நடுரோட்டில் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். நான் போகவில்லை. இன்றைக்குக் கூப்பிட்டாலும் அப்படிப் போக மாட்டேன்.

லில்லி குறியீடு என்கிறீர்கள். குறியீடு தாளுக்குள்ளேயே இருந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் சீயோன்பேட்டை பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். உங்கள் போட்டோ, புத்தக அட்டை, விழாத் தேதி. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் உங்கள் நாவலின் வாக்கியம்: ‘வந்த இருட்டு வந்த வழியே போகட்டும்.’ லைன் வீட்டு ஆட்கள் தினமும் அதன் அடியில் நின்றுதான் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று ஊர் நினைக்கிறது. தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பிரமிளா குழாயடியில் குடத்தை வைத்திருக்கிறாள். ஒரு பெண் அந்தக் குடத்தைக் காலால் நகர்த்தி, “உப்பு ஊத்துக்காரி இன்னாத்துக்கு நல்ல தண்ணில கை வைக்கிறா?” என்றாளாம். பிரமிளா எனக்குப் போன் செய்து, “தீதி, உப்பு ஊத்துன்னா கெட்ட வார்த்தையா?” என்று கேட்டாள். அந்த ஊரில் இதற்கு முன்னால் யாரும் யாரையும் அப்படிச் சொன்னதில்லை. அது நீங்கள் செய்து கொடுத்த வார்த்தை.

அந்த ஃப்ளெக்ஸை இறக்கச் சொல்லுங்கள். நவீன்குமார் உங்கள் பேச்சைக் கேட்பான்.

ஃபீபி


வாலாஜாபேட்டை
10 செப்டம்பர் 2024

ஃபீபி,

நவீனிடம் பேசினேன். “விழாவுக்குத்தாண்ணா கட்டினோம், முடிஞ்சதும் அவுத்துருவோம்” என்றான். அதற்கு மேல் அவனை அதட்டிச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த வாக்கியம் நாவலில் ஒரு கிழவர் ஜெபத்தில் சொல்வது. இருட்டு என்று அவர் சொல்வது அவருடைய நோயை. படித்தவர்களுக்குத் தெரியும்.

நவீன்குமாரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள். அவன் கட்டிங் செக்‌ஷனில் எட்டு வருடம் வேலை பார்த்தவன். காண்ட்ராக்டர் வடக்கிலிருந்து ஆள் இறக்கியதும் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது மேஸ்திரிக்குக் கையாளாகப் போகிறான். அவன் கோபத்தை யாராவது எழுதினார்களா? நான் எழுதினேன். முதல் முதலாக ஒரு புத்தகத்தை முழுக்கப் படித்தேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீ பாகாயத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அவனைக் குற்றவாளி ஆக்குகிறாய்.

குழாயடிச் சண்டை எந்த ஊரில் இல்லை? அதையும் என் கணக்கில் எழுதாதே. என் புத்தகத்தைப் படித்துவிட்டு எவனாவது கல்லெறிந்தால், அந்தக் கல்லை நான் எறிந்ததாகுமா?

மறுபடி மறுபடி எழுதாதே. விழா வேலை ஜாஸ்தியாக இருக்கிறது.

ஜோவின்


பாகாயம்
24 செப்டம்பர் 2024

ஜோவின்,

எறிந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கூட்டமாக லைன் வீடுகளுக்கு வந்திருக்கிறார்கள். வீட்டுக்காரரைக் கூட்டிவந்து நிறுத்தி, பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் காலி செய்யச் சொல்ல வைத்திருக்கிறார்கள். சுனிலின் தம்பி, “வாடகை கொடுத்திருக்கிறோம், ஏன் போகணும்?” என்று தமிழில் கேட்டான். தமிழில் கேட்டதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அவனை நோக்கி எறிந்த ஓடு பிரமிளா நெற்றியில் பட்டது. தையல் போட்டது நான். ஊசி போடும்போது அவள் என் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தெருவில் ஒரே ஒரு கதவு திறந்தது. நம் அம்மா வெளியே வந்து, ரத்தத்தோடு நின்றவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா அக்காதான் ஆட்டோ பிடித்து எல்லாரையும் அனுப்பி வைத்தார். இப்போது பிரமிளாவும் அவள் புருஷனும் எங்கள் ஹாலில் படுக்கிறார்கள். மற்றவர்கள் ஆம்பூரில் தெரிந்தவர்கள் அறையில் நெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். விசாரிக்கிறோம் என்கிறார்கள்.

யார் யார் வந்தார்கள் என்று பிரமிளாவிடம் கேட்டேன். பெயர் தெரியவில்லை, கோயிலில் பாடுகிறவர்கள் என்றாள்.

நவீனுக்கு வேலை போனதை நீ எழுதினாய், சரிதான். அவனை வேலையை விட்டு அனுப்பிய காண்ட்ராக்டர் உன் நாவலில் எந்தப் பக்கத்தில் வருகிறான்? ஒரு வரியில்கூட இல்லை. அவனை எழுதினால் வெள்ளை கறுப்பு என்று பிரிக்க முடியாது. அவன் நம் ஆள், நம் கோயிலுக்குக் காணிக்கை போடுகிறவன். அதனால் தொப்பிக்காரன் போதும் என்று விட்டுவிட்டாய்.

‘நீங்கள்’ போய்விட்டது, கவனித்திருப்பாய். அது பாசத்தால் இல்லை.

ஃபீபி


வாலாஜாபேட்டை
7 அக்டோபர் 2024

ஃபீபி,

நீ நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷமா?

கல் எறிந்தது தப்பு. நவீனிடம் அதை முகத்துக்கு நேராகச் சொன்னேன். “நான் எறியலண்ணா” என்றான். யார் எறிந்தது என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டான். விழாவைத் தள்ளிப்போடலாமா என்று யோசித்தேன். அழைப்பிதழ் போய்விட்டது, சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தள்ளிப்போடவில்லை.

சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. சிறப்பு விருந்தினராக வந்த பேராசிரியர் குறியீடுகளைப் பற்றி அழகாகப் பேசினார். மூழ்குகிற வெள்ளைத் துப்பட்டாவைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அப்போது அம்மா எழுந்தாள். மேடைக்கு வந்து எனக்குச் சால்வை போடப்போகிறாள் என்று நினைத்து, நானே கை கொடுத்து ஏற்றிவிட்டேன். மைக்கைப் பேராசிரியர் கையிலிருந்து வாங்கினாள்.

“எம்பொண்ணு சாவல. பாகாயத்துல நர்ஸ் வேல பாக்குறா. இன்னாத்துக்கு எல்லாரும் அழுறீங்க? அவ புருஷன் இருக்கான், பேத்தி இருக்குது. அவ மச்சினன் பொண்டாட்டி நெத்திய உடைச்சீங்களே, அன்னிக்கு எவளாச்சும் அழுதீங்களா?”

அவ்வளவுதான் சொன்னாள். மைக்கை மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கி, ஹாலை விட்டு வெளியே போனாள். நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் வேலூர் பஸ் போய்விட்டது. வீட்டில் அவளுடைய பையையும் பைபிளையும் காணவில்லை. கிளம்புவதென்று முடிவு செய்துகொண்டுதான் ஹாலுக்கு வந்திருக்கிறாள்.

பேராசிரியர் என்னிடம், “ஆட்டோபயோகிராஃபிகலா?” என்று கேட்டார்.

நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் அம்மா பேசினாள். என்னை என் ஊரில், என் மேடையில், பெற்ற தாயை வைத்தே அவமானப்படுத்திவிட்டாய். ஒன்பது வருடமாக அவளுக்கு மாத்திரை வாங்கிப் போட்டது நான். சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிப்போய்ப் பார்த்தது நான்.

இரண்டாம் பதிப்பு ஜனவரியில் வருகிறது. உனக்கு அது அவ்வளவு உறுத்தினால் முடிவை மாற்றித் தருகிறேன். லில்லி பிழைத்துக்கொள்வாள். யாராவது தூக்கிக் கரையில் போடட்டும். அம்மாவை அனுப்பிவிடு.

ஜோவின்


பாகாயம்
15 அக்டோபர் 2024

ஜோவின்,

அம்மா இங்கேதான் இருக்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று டியூட்டி முடிந்து வந்து பார்த்தால் படிக்கட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் வார்த்தையாக, “உங்க அண்ணன் கோவமா இருப்பான்” என்றாள். இரண்டாவது, “பசிக்குது.”

மாத்திரை வாங்கிப் போட்டது நீதான். அதை நான் மறுக்கவில்லை, அவளும் மறுக்கவில்லை. சனிக்கிழமை வந்தால் வாசல் பக்கம் பார்க்கிறாள். ஆனால் நீ போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாள். “போன்ல நல்லாப் பேசுவான், நான் போய்ருவேன்” என்கிறாள். லைன் வீட்டுக் குடும்பங்கள் திரும்பி வந்தால்தான் அந்த ஊருக்குத் தானும் வருவேன் என்று சுனிலிடம் சொன்னாள். அவர் உன் பக்கம் பேசினார். “அம்மா, ஜோவின் அண்ணன் தனியா இருப்பார்” என்றார். தொப்பிக்காரன் உனக்குப் பரிந்து பேசுகிறான். இதையும் எழுதிக்கொள்.

இப்போது உன் இரண்டாம் பதிப்பு. லில்லியைக் கரையில் தூக்கிப் போட வேண்டாம். அவள் செத்துக் கிடக்கட்டும். நீ பெற்றவள், நீ கொன்றவள், எனக்கும் அவளுக்கும் உறவில்லை. அவளைப் பிழைக்க வைத்தால் உன் வாசகர்கள் இன்னும் ஒரு தடவை அழுவார்கள். பிரமிளாவுக்குக் குழாயடியில் அதனால் ஒரு குடம் தண்ணீர் கிடைக்காது.

நான் கேட்பது நாவலில் ஒரு மாற்றம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு வாசிக்கும் இடத்தில் ஏறி நின்று, கல்லெறிந்தவர்கள் தப்பு செய்தார்கள், அந்த மக்கள் திரும்பி வரட்டும் என்று உன் வாயால் சொல். அங்கே மேற்கோள் இல்லை, குறியீடு இல்லை. சாதாரணத் தமிழில் சொல். உன் பெயரை வைத்துத்தான் அவர்களை விரட்டினார்கள். வேறு யார் சொன்னாலும் அங்கே காதில் ஏறாது.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. அம்மாவிடம் படித்துக் காட்டுகிறேன்.

ஃபீபி


சீயோன்பேட்டை
28 அக்டோபர் 2024

ஃபீபி,

ஊரிலிருந்து எழுதுகிறேன். பூட்டிய வீட்டை நானே திறந்து, நானே கூட்டி, நானே உலை வைத்தேன்.

நேற்று பேசினேன். நீ சொன்னாய் என்பதற்காகப் பேசவில்லை. என் நாவல் நல்ல நாவல் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் வீட்டு நிலைப்படியில் அந்தப் பெண்ணின் ரத்தம் காய்ந்து கிடந்தது. அம்மா வேண்டுமென்றே துடைக்காமல் விட்டிருக்கிறாள், அதைத் தாண்டித் தாண்டிப் போன நான் கவனிக்கவில்லை. சனிக்கிழமை நான் துடைத்தேன். அதைச் செய்துவிட்டுக் கோயிலுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

சபைப் போதகர் ஐயர் அறிவிப்பு வாசித்து முடித்ததும் எழுந்து நின்றேன். நீ சொன்னபடி சாதாரணத் தமிழில் சொன்னேன். கல் எறிந்தது பாவம், அவர்கள் திரும்பி வர வேண்டும், என் புத்தகத்தைக் காட்டி யாரையும் விரட்டக் கூடாது, என் தங்கை உயிரோடு இருக்கிறாள், அவள் வீட்டுக்காரர் பெயர் சுனில். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் நவீன்குமார் என்னிடம் வந்தான். கையில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புத்தகம். “நீ எழுதுனது நெஜம்னு நம்புனோம்ணா. இப்ப நீயே மாத்திப் பேசற” என்று என் கையில் திருப்பி வைத்தான். கத்தவில்லை. அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. கமிட்டியில் அப்பா இடத்துக்கு வந்திருக்கிற கிறிஸ்துராஜ் மாமா தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். “தம்பி, நீ வாலாஜாபேட்டக்காரன் ஆயி எவ்ளோ நாளாச்சு. வெளியூர்ல இருக்கறவன் ஊர் வெவகாரத்துல தலையிட்டா பேஜாராயிடும். போய்ட்டு கிறிஸ்துமஸுக்கு வா” என்றார். நான் பிறந்த ஊரில், நம் அப்பா கட்டிய கோயில் மதிலுக்குப் பக்கத்தில், என்னைப் பார்த்து வெளியூர்க்காரன் என்றார்.

ஃப்ளெக்ஸை நானே கயிற்றை அறுத்து இறக்கினேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் கை கொடுக்கவில்லை. லைன் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வீடுகள் சும்மா கிடப்பது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வந்தால் சாவி தருகிறேன் என்றார்.

நீ கேட்டதைச் செய்தாயிற்று. நீ போனதில் அப்பா போனார், நிஷா போனாள். இப்போது ஊரும் போயிற்று. நீ எப்போதும்போல ஜெயித்துவிட்டாய். அம்மாவைக் கொண்டுவந்து விடு.

ஜோவின்


பாகாயம்
6 நவம்பர் 2024

ஜோவின்,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நிலைப்படியைத் துடைத்தாய் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். அப்புறம் மறுபடி அந்த இடத்திலிருந்து படிக்கச் சொன்னாள்.

இரண்டு குடும்பங்கள் சீயோன்பேட்டைக்குத் திரும்பிவிட்டன. கம்பெனி பஸ் வாசலுக்கு வருகிறது, வாடகை கம்மி, வேறு வழி இல்லை என்றார்கள். முதல் நாள் யாரும் பேசவில்லையாம். இரண்டாம் நாள் பெருமாள் மாமா குழாயடியில், “எப்ப வந்தீங்க?” என்று கேட்டாராம். மற்றவர்கள் வரவில்லை. பிரமிளா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். “அந்தத் தண்ணி எனக்கு வேணாம் தீதி” என்றாள். பாகாயத்திலேயே எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு பார்த்துவிட்டார்கள். போலீஸ் இதுவரை யாரையும் பிடிக்கவில்லை.

அதனால் அம்மாவும் வர மாட்டாள். பிரமிளாவை விரட்டிய ஊரில் தனியாக உட்கார்ந்து தான் யாரோடு ஜெபம் பண்ணுவது என்று கேட்கிறாள். இங்கே அவளும் பிரமிளாவும் மொழியே இல்லாமல் நாள் பூராவும் பேசிக்கொள்கிறார்கள். உன் கணக்கில் இதுவும் நான் ஜெயித்ததாக இருக்கும். நான் ஒன்றும் ஜெயிக்கவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு ஹாலும் ஒரு அறையும், அதில் அம்மாவின் குறட்டை வேறு.

ஊர் போயிற்று என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது போய் ஒன்பது வருடமாகிறது. அன்றைக்கு அதை நீ ஒரு இழப்பாக நினைக்கவில்லை. உன் மேல் எனக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கோயிலில் நீ சொன்னதற்கு நன்றி என்று எழுதவும் மனசு ஒப்பவில்லை, அது நீ சொல்லியே ஆக வேண்டியது. ஆனால் அவர் பெயரைச் சொன்னாய். சபை நடுவே நின்று சுனில் என்று சொன்னாய். அதை அவரிடம் சொன்னேன். “ஞாயிற்றுக்கிழமை வரச் சொல். மீன் வாங்குகிறேன்” என்றார்.

அவர் கூப்பிடுகிறார். அம்மா கூப்பிடுகிறாள். நான் கூப்பிடவில்லை. வருவதானால் நான் டியூட்டியில் இருக்கிற ஞாயிறாகப் பார்த்து வா. எந்த ஞாயிறு என்று அம்மாவிடம் கேட்டுக்கொள். இனி நீ போன் செய்தால் எடுப்பாள்.

ஃபீபி